கிறிஸ்துமஸ் விடுமுறை: வீட்டுக்கும் வெளிநாட்டுக்கும் இடையே பல்கலைக்கழக மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழக மாணவரின் கிறிஸ்துமஸ் விடுமுறை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நீளமாகத் தெரியும். ஆனால் பயண நாள்களையும், உறக்கம் குலையும் நாள்களையும், முடிக்காமல் கொண்டுவந்த பாட வேலைகளையும் கழித்துவிட்டால் கையில் நிற்பது கொஞ்சமே. அந்தக் கொஞ்ச நாள்களின் மீது, வீட்டிலிருக்கும் பெற்றோர், வெளிநாட்டில் குடியேறிய அக்கா, வெகுநாளாகப் பேரப்பிள்ளையைப் பார்க்காத பாட்டி, பள்ளித் தோழர்கள் என ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்குகளைக் கேட்டறியாமல் விமானச் சீட்டு எடுத்துவிடுவதே முதல் தவறு. இனி சொல்லவிருக்கும் தவறுகளில் பலவும் அதிலிருந்து கிளைப்பவைதான்.

விடுமுறையின் அளவும் தன்மையும் நாட்டுக்கு நாடு மாறுகின்றன என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியதில்லை. அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் மாணவரே. அமெரிக்காவில் இலையுதிர் கால செமஸ்டரின் தேர்வுகள் பொதுவாக டிசம்பர் நடுப்பகுதியோடு முடிந்துவிடுவதால், வீடு திரும்பும் மாணவருக்குப் படிப்புச் சுமை பெரிதாக இருக்காது. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் ஜனவரியில் தேர்வு நடத்துகின்றன. அங்கே படிப்பவருக்கு இது விடுமுறை என்ற பெயரில் வரும் தயாரிப்புக் காலம். ஜெர்மனியில் ஏறத்தாழ இரண்டு வாரம் மட்டுமே வகுப்புகள் நிற்கும். குளிர்கால செமஸ்டர் பிப்ரவரி வரை தொடரும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கல்வி ஆண்டே முடிந்து கோடை விடுமுறை தொடங்கியிருக்கும். ஆகவே, ஒரே குடும்பத்தில் மெல்பர்னில் படிக்கும் பிள்ளையும் மான்செஸ்டரில் படிக்கும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தால், ஒருவர் ஓய்வாக இருப்பதும் மற்றவர் அறைக்கதவை மூடிக்கொண்டு படிப்பதும் இயல்பு. இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், படிக்கிற பிள்ளை வீட்டாரோடு ஒட்டவில்லை என்ற வருத்தம் வீணாக எழும்.

தேர்வு அட்டவணை வெளியாவதற்கு முன்பே, கட்டணம் ஏறிவிடும் என்ற பயத்தில் சீட்டு எடுப்பது அடுத்த தவறு. பயம் நியாயமானதுதான், டிசம்பர் பிற்பகுதிக் கட்டணம் பெரும்பாலும் நாளாக நாளாக ஏறவே செய்யும். ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய நாள் தெரியாவிட்டாலும், தேர்வுக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கல்வி ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகின்றன. அந்தக் கடைசி நாளுக்குப் பிறகு புறப்படும்படி சீட்டு எடுத்தால் விலையும் அடங்கும், தேர்வும் தப்பாது. விமானச் சீட்டு எடுத்துவிட்டேன் என்பதற்காகத் தேர்வைத் தள்ளிவைக்கும்படி கேட்கும் விண்ணப்பத்தைத் துறைகள் பொதுவாக ஏற்பதில்லை.

தேதிகளில் நேரும் பிழைகள் சிறியவையாகத் தோன்றினாலும் பண்டிகையையே பறித்துவிடக்கூடியவை. 24ஆம் தேதி, நள்ளிரவு கடந்து 12.30 மணிக்குப் புறப்படும் விமானத்துக்கு 23ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்; 24ஆம் தேதி இரவு போய் நிற்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் 23ஆம் தேதி இரவு பத்து மணிக்குக் கிளம்பினால், பயணம் சுமார் 15 மணி நேரமே என்றாலும், சிட்னியில் இறங்கும்போது 25ஆம் தேதி காலையாகியிருக்கும். 24ஆம் தேதி என்ற நாள் அந்தப் பயணிக்கு ஏறத்தாழ இல்லாமலே போய்விடும். மேலும், கொண்டாட்டத்தின் மையம் எல்லா நாட்டிலும் 25ஆம் தேதி அல்ல. ஜெர்மனியிலும் போலந்திலும் 24ஆம் தேதி மாலையில்தான் குடும்பம் ஒன்றுகூடும். அங்கிருக்கும் உறவினர் வீட்டுக்கு 25ஆம் தேதி மதியம் போய்ச் சேர்பவர் முக்கியமான வேளையைத் தவறவிட்டவராகிறார். லண்டனில் 25ஆம் தேதி இறங்கினால் சுரங்க ரயிலும் ஓடாது, நாட்டின் பிற ரயில்களும் ஓடா; அழைத்துச்செல்ல ஒருவர் காருடன் வர வேண்டும், அல்லது வாடகைக் காரை முன்பதிவு செய்திருக்க வேண்டும்.

ஆவணங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இங்கே செய்யும் தவறு ஒன்றைத்தான் அன்பாலோ பணத்தாலோ உடனே சரிசெய்ய முடியாது. ஊருக்குப் போவதற்கு என்ன வேண்டும் என்று மட்டும் பார்த்துவிட்டு, படிக்கும் நாட்டுக்குத் திரும்பி நுழைவதற்கு என்ன வேண்டும் என்று பார்க்காமல் கிளம்புவதே வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களிடம் காணப்படும் பெருந்தவறு. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாத் தகுதியில் படிப்பவரின் ஐ-20 படிவத்தில், அதாவது பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்றுப் படிவத்தில், பல்கலைக்கழக அதிகாரியின் பயணக் கையொப்பம் இருக்க வேண்டும். படித்துக்கொண்டிருப்பவருக்கு அது ஓராண்டும், படிப்பு முடித்துப் பயிற்சிப் பணியில் இருப்பவருக்கு ஆறு மாதமும் செல்லும். கையொப்பம் சரியாக இருந்து, பாஸ்போர்ட்டில் உள்ள விசா காலாவதியாகியிருந்தால், உள்ளே தங்கியிருக்கும் வரை குறையில்லை. வெளியே வந்துவிட்டால் பொதுவாகப் புதிய விசா பெற்றே திரும்ப முடியும். கனடாவில் படிப்பு அனுமதி என்பது தங்கிப் படிப்பதற்கான அனுமதி மட்டுமே. நாட்டுக்குள் நுழையத் தனியே செல்லுபடியாகும் விசாவோ மின்னணுப் பயண அனுமதியோ வேண்டும். பிரிட்டனில் பிளாஸ்டிக் வதிவிட அட்டைகள் 2024 இறுதியோடு முடிவுக்கு வந்து, அவற்றின் இடத்தை இணையக் கணக்கில் பதிவாகியிருக்கும் மின் விசா பிடித்துவிட்டது. விடுமுறையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்பவர்கள் புதிய எண்ணை அந்தக் கணக்கில் பதிவுசெய்ய மறந்தால், திரும்பும் நாளில் விமான நிறுவனத்தின் மேசையிலேயே சிக்கல் தொடங்கிவிடும்.

பெற்றோர் பிள்ளையைப் பார்க்க வெளிநாடு வருவதாக இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது விண்ணப்பித்தாக வேண்டும் என்பது விதி. டிசம்பர் கூட்டத்தில் அந்தப் பதினைந்து நாளை நம்பி இருப்பது அறிவுடைமை ஆகாது. பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறிய பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். வேறு பல நாடுகள் ஆறு மாதம் கேட்கின்றன. தூதரகங்களும் பல்கலைக்கழக அலுவலகங்களும் பண்டிகைக்கும் புத்தாண்டுக்கும் இடையே மூடப்பட்டிருப்பது வழக்கம். ஆகவே கையொப்பமோ சான்றிதழோ வாங்க வேண்டுமென்றால் அதை நவம்பர் மாதத்து வேலையாகவே கொள்ள வேண்டும்.

கட்டணத்தைக் குறைக்க இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாகச் சீட்டு எடுத்து, நடுவில் ஒரு நகரில் விமானம் மாறும் வழியைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை. பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தால் விசாவும் தேவைப்படலாம். பனியும் மூடுபனியும் விமானங்களை நிறுத்தும் மாதத்தில் இந்தச் சேமிப்பு துணிந்து செய்யத்தக்கதல்ல என்பது என் கருத்து. இருவழிச் சீட்டின் முதல் பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டால் திரும்பும் பகுதியையும் பல நிறுவனங்கள் ரத்து செய்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பெட்டி கட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது. அதன் மின் கொள்ளளவு 100 வாட்-மணிக்கு (Wh) மேற்பட்டால் நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். பரிசுப் பொருள்களை வண்ணத்தாள் சுற்றி எடுத்துப் போனால் பாதுகாப்புச் சோதனையில் பிரிக்க நேரிடலாம். போய்ச் சேர்ந்தபின் சுற்றுவது நல்லது. வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும் இறைச்சி, பால் பொருள்களை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகப் பொதுவாக அனுமதியில்லை. ஆஸ்திரேலியாவில் உணவுப்பொருளை அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதம் உண்டு. பெட்டி சேதமானால் ஏழு நாளுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் தர வேண்டும் என்று சர்வதேச விமானப் பயணம் பற்றிய 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை கூறுகிறது. வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில் இந்தக் கெடுவை மறப்பவர்கள் இழப்பீட்டையும் இழக்கிறார்கள்.

வீட்டுக்குள் நடக்கும் தவறுகளுக்கு விதிமுறைப் புத்தகம் இல்லை. அதனாலேயே அவை ஆழமானவை. முதல் ஆண்டு மாணவர் பெரும்பாலும் தான் விட்டுப்போன வீடு அப்படியே காத்திருக்கும் என்று எண்ணி வருகிறார். பெற்றோரும் தாம் அனுப்பிவைத்த பிள்ளையே திரும்பி வருவதாக எண்ணுகிறார்கள். இரண்டுமே உண்மையில்லை. சில மாதங்களாகத் தன் நேரத்தைத் தானே ஆண்ட ஒருவர், இரவு எத்தனை மணிக்கு வருவாய் என்ற கேள்வியை அவமதிப்பாகக் கொள்ளத் தேவையில்லை. கதவைத் தாழிட வேண்டியவர்களுக்கு அது வீட்டு நிர்வாகக் கேள்வி. அதேபோல், வயது வந்த பிள்ளையின் ஒவ்வொரு மணி நேரத்தையும் உறவினர் வீட்டுச் சந்திப்புகளால் நிரப்பிவிட்டு, வந்தபின் அறிவிப்பது பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறு. முதல் நாளோ இரண்டாம் நாளோ எல்லாரும் உட்கார்ந்து, எந்த நாள்கள் குடும்பத்துக்கு, எவை நண்பர்களுக்கு, எவை படிப்புக்கு என்று பேசிக்கொள்வது அரை மணி நேர வேலை. அதைச் செய்யாத வீடுகளில் அதே அரை மணி நேரம் பல நாள்களின் மனத்தாங்கலாகப் பிரிந்து செலவாகிறது.

இதில் பெரும்பாலும் யாரும் கவனிக்காத ஒருவர் உண்டு. வீட்டிலேயே தங்கியிருக்கும் தம்பி அல்லது தங்கை. மூத்தவர் போனபின் வீட்டு வேலைகளின் பங்கு அவர்மேல் ஏறியிருக்கும். முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போவதும் அவராக இருக்கலாம். ஊரிலிருந்து வந்தவருக்குப் பிடித்ததே சமையலாகவும், அவருடைய அறை மீண்டும் அவருக்கேயாகவும், அவர் தூங்கும் நேரமே வீட்டின் அமைதி நேரமாகவும் ஆகும்போது, உடனிருந்து உழைத்தவர் பின்னுக்குத் தள்ளப்பட்டதாக உணர்வார். விருந்தாளியாக நடத்தப்படுவது முதல் இரண்டு நாளுக்கு இனிமை. அதன்பின் தன் தட்டைத் தானே கழுவுவதோடு நிற்காமல், இளையவர் செய்துவரும் ஒரு பொறுப்பையாவது அந்த விடுமுறை முழுதும் தான் ஏற்றுக்கொள்வது, பரிசுப் பொருளைவிட நன்றாக அவரிடம் போய்ச்சேரும்.

விடுமுறையைப் பாதி வீட்டிலும் பாதி வெளிநாட்டு உறவினர் வீட்டிலும் கழிக்கத் திட்டமிடுவோர், உடலின் கடிகாரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. நேர மண்டலம் மாறினால் உடல் பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற அளவிலேயே பழகிக்கொள்கிறது. கிழக்கு நோக்கிய பயணத்தில் அது இன்னும் கடினம். எட்டு மணி நேர வேறுபாடுள்ள நாட்டுக்கு ஐந்து நாள் பயணம் போகிறவருக்கு, அங்கே தெளிவாக விழித்திருக்கும் மாலை ஒன்றிரண்டுதான் இருக்கும். பெற்றோர் இருவர் வெவ்வேறு நாடுகளில் அல்லது வெவ்வேறு வீடுகளில் வாழும் குடும்பங்களில், 25ஆம் தேதியை இரண்டாகப் பிளந்து பகல் இங்கும் இரவு அங்குமாக ஓடுவது நியாயமான பங்கீடுபோலத் தோன்றும். உண்மையில் அன்று இருவருக்குமே களைத்த பிள்ளைதான் கிடைக்கும். ஒரு ஆண்டு ஒருவரிடம் பண்டிகை, மற்றவரிடம் புத்தாண்டு, அடுத்த ஆண்டு மாற்றி என்று பேசி வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் அமைதியாக இருக்கின்றன.

கசப்பான செய்தி இருந்தால், அதாவது ஒரு பாடத்தில் தேறவில்லை, படிப்பை மாற்ற விரும்புகிறேன், பணம் போதவில்லை, மனம் சரியில்லை என்பன போன்ற எதுவாயினும், அதை விமான நிலையத்துக்குக் கிளம்பும் நாள் வரை தள்ளிப்போடுவது மிகக் கொடிய தவறு. பண்டிகையைக் கெடுக்க வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் கடைசி நாளில் கேட்ட பெற்றோருக்கு அதைப் பற்றிக் கேள்வி கேட்கவும், கோபப்பட்டுப் பின் தணியவும், உதவி செய்யவும் நேரமே இருப்பதில்லை. கோபத்தோடு மட்டும் வழியனுப்ப நேரிடுகிறது. பண்டிகை முடிந்த ஓரிரு நாளில், தனியாக, ஒருவரிடமாவது சொல்லிவிட்டால் மீதி நாள்கள் இருவருக்கும் பயன்படும்.

விட்டுவரும் அறையையும் மறக்கக் கூடாது. குளிர் நாடுகளில் வாடகை வீட்டின் வெப்பமூட்டியை முற்றாக அணைத்துவிட்டு வந்தால் குழாய் நீர் உறைந்து குழாய் வெடிக்கலாம். குறைந்த வெப்பத்தில் ஓடவிட வேண்டும். வீட்டுக்குப் போகாமல் தங்குபவர்கள், விடுதி திறந்திருக்கும் என்று தாமாகவே எண்ணிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் பல விடுதிகள் இந்த வாரங்களில் மூடப்படும், தங்குவதற்குத் தனி விண்ணப்பம் முன்கூட்டியே தர வேண்டும்.

திரும்பும் நாளை வகுப்பு தொடங்கும் நாளோடு ஒட்டி வைப்பது கடைசித் தவறு. விமானம் ஒரு நாள் தவறினாலும், உறக்கம் சீராக இரண்டு மூன்று நாள் எடுத்தாலும் தாங்கும்படி, குறைந்தது மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். ஜனவரித் தேர்வு உள்ளவர்களுக்கு ஒரு வாரம் தேவை. அந்த நாள்கள் வீட்டாரிடமிருந்து பறிக்கப்படுவதாகத் தோன்றாமலிருக்க, திரும்பும் தேதியையும் அதற்கான காரணத்தையும் சீட்டு எடுக்கும் நாளிலேயே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.