வெளிநாடு போய் வந்தவருக்குக் காய்ச்சலா? மலேரியாவையும் சோதியுங்கள்

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு, மலேரியா நுளம்பைக் கொல்லும் மலத்தியன் மருந்து அடிக்க வருவார்கள். சட்டி பானை எல்லாவற்றையும் முற்றத்துக்குத் தூக்கி வைப்போம், சுவரில் வெள்ளையாகப் படிந்த மருந்தின் நாற்றம் கிழமைக்கணக்கில் போகாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இன்று அது தெரியாது. 2012 ஒக்டோபரில்தான் கடைசி உள்ளூர் நோயாளி, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நம் ஆட்களின் உழைப்போடு, வெளியிலிருந்து வந்த உதவியில் வாங்கிய நுளம்பு வலைகளும் சோதனைக் கருவிகளும் அதில் இருந்தன.

ஆனால் பரப்பும் நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. 2018 இறுதியில், அம்பாறைக்குப் பக்கத்து மாவட்டமான மொனராகலையில், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது.

அதனால் வீட்டில் யாராவது ஆப்பிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போவதென்றால், ரிக்கெட் போட்டவுடனேயே உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். தடுப்புக் குளிசை இலவசம். போக முன்னரே தொடங்க வேண்டும், திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரைக்கும் விழுங்க வேண்டும், ஊருக்கு வந்த சந்தோசத்தில் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எந்த நாட்டுக் கிருமி எந்த மருந்துக்கு அடங்காது என்பதை நாடுகள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்கின்றன, அதைப் பார்த்துத்தான் குளிசை தருகிறார்கள். மச்சான் இந்தியா போனபோது மிஞ்சியதை எடுத்துக்கொண்டு கொங்கோவுக்குப் போகாதீர்கள்.

சரி, வந்த பிறகு காய்ச்சல் அடித்தால்? மார்கழி மழையில் காய்ச்சல் என்றாலே இங்கே எல்லோருக்கும் டெங்குதான் ஞாபகம் வரும், பனடோலைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருந்துவிடுவோம். ஆப்பிரிக்காவில் அதிகமுள்ள பல்சிபாரம் வகை மலேரியா அப்படிக் காத்திருக்காது, சில நாட்களிலேயே உயிரை எடுத்துவிடும். அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டொக்டர் கேட்கும்வரை இருக்காமல், "நான் இன்ன நாட்டிலிருந்து இத்தனையாம் திகதி வந்தேன், மலேரியா சோதிக்க வேண்டும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். வந்து பல மாதம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள், வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியாக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து பிறகு எழும்பும். விரலில் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தம், அவ்வளவுதான். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாமல் காய்ச்சல் மட்டும் விடாமல் இருந்தால், இன்னொரு தரம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.