‘லுக் ஃபார்வர்ட் டு’: கடிதத்தின் கடைசி வரியைப் பிழையின்றி எழுதும் முறை

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்ட அலுவலகமொன்றில் எழுதுவினைஞர் வேலைக்கு முதன்முதலாக விண்ணப்பம் எழுதியபோது, அதை அனுப்புவதற்கு முன் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயாவிடம் காட்டினேன். அவர் முழுவதையும் வாசித்துவிட்டு, கடைசி வரியில் நான் எழுதியிருந்த ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ (உங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்) என்பதில் ‘ஹியர்’ என்ற சொல்லை மட்டும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, “இதில ஹியரிங் வரணும், தம்பி” என்றார். காரணம் கேளாமல் திருத்திக்கொண்டதால், அடுத்த கடிதத்திலும் அதே பிழையை எழுதினேன். ஆகவே இங்கு காரணத்தையும் சேர்த்தே விளக்குகிறேன்.

முதலில், அந்த இடத்துக்கு இத்தொடர் பொருந்துமா என்று பாருங்கள். தமிழில் விடுமுறையையும் எதிர்பார்க்கிறோம், கடும் மழையையும் எதிர்பார்க்கிறோம். ஆங்கிலத் தொடரிலோ மகிழ்ச்சி கலந்திருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து) பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தில், வரவிருக்கும் மழையைப் பற்றி ‘வி லுக் ஃபார்வர்ட் டு ஹெவி ரெய்ன்’ என்று எழுதினால், மழைக்காக ஆவலுடன் காத்திருக்கிறோம் என்று பொருளாகிவிடும். அங்கே ‘எக்ஸ்பெக்ட்’ என்பதே சரியான சொல்.

அடுத்து, ‘ஃபார்வர்ட்’ என்பதன் பின் ‘டு’ மட்டுமே வரும், ‘ஃபோர்’ வராது.

இனி, என்னைத் தடுக்கிய இடம். ‘ஐ வோன்ட் டு கோ’ என்று பள்ளியில் படித்த பழக்கத்தால், ‘டு’ வந்தவுடன் வினையின் அடிவடிவத்தை எழுதக் கை முந்துகிறது. ஆனால் இத்தொடரின் ‘டு’ வினையோடு சேர்ந்தது அன்று. அது பெயர்ச்சொல்லை வேண்டி நிற்கும் முன்னிடைச்சொல். இதைச் சோதிக்க, வினையை நீக்கிவிட்டு அங்கே ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ என்பது முழுமையாக நிற்கிறது. ‘ஐ வோன்ட் டு யுவர் ரிப்ளை’ நிற்கவில்லை. பெயர் நிற்கும் இடத்தில் வினையை வைக்க வேண்டுமானால் அதைப் பெயராக்கித்தான் வைக்க வேண்டும். அதற்காகவே ‘இங்’ சேர்கிறது. நம் மொழியிலும் இதே ஒழுங்கு உண்டு. ‘உங்களைச் சந்திக்க எதிர்பார்க்கிறேன்’ என்பதைவிட, ‘சந்திப்பதை எதிர்பார்க்கிறேன்’ என்று தொழிற்பெயராக்கி எழுதுவதே செம்மையாகப் படுகிறது. அந்தச் ‘சந்திப்பது’தான் ‘மீட்டிங்’. பரிசளிப்பு விழா அழைப்பிதழில் ‘வி லுக் ஃபார்வர்ட் டு வெல்கமிங் யூ’ என்று எழுதுவதும் இதனால்தான்.

கடைசியாக, தொனி. அலுவலகக் கடிதத்துக்கு ‘ஐ லுக் ஃபார்வர்ட்’ பொருத்தமானது. கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வரும் நண்பனுக்கு ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்’ என்று எழுதினால் நெருக்கம் கூடும். விண்ணப்பத்தில் ‘ஐ’ என்பதை விட்டுவிட்டு ‘லுக்கிங் ஃபார்வர்ட்’ என்று தொடங்குவதை நான் விரும்புவதில்லை, அது எழுவாயில்லாத அரைவாக்கியம் என்பதால்.

சந்தேகம் வரும்போது கைபேசி காட்டும் பரிந்துரையை நம்பாமல் ஆக்ஸ்போர்ட் மாணவர் அகராதியைப் புரட்டுங்கள். அதன் முன்னோடியைத் தொகுத்த ஏ.எஸ். ஹோர்ன்பி, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர்; ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்போர் எங்கே இடறுவர் என்பதை அறிந்தவர். ‘லுக்’ என்ற சொல்லின் கீழ் இத்தொடரைத் தேடினால், ‘டு’வுக்குப் பின் ‘டூயிங்’ என்றே வாய்பாடு காட்டப்பட்டிருக்கும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த பண்டாரவளை ஆசிரியை ஒருவர், ‘யூஸ்ட் டு’வுக்கும் இவ்விதி பொருந்துமா என்று கேட்டார். அதில் இரண்டு வகை உண்டு. பெயர்ச் சோதனையே அவற்றைப் பிரித்துக் காட்டும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு த கோல்ட்’ என்பது, நுவரெலியாக் குளிர் எனக்குப் பழகிவிட்டது என்று பொருள்பட்டு நிற்கிறது. ஆகவே ‘ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் ஹியர்’ என்று எழுத வேண்டும். ‘ஆம்’ இல்லாத ‘ஐ யூஸ்ட் டு’ என்பதன் பின் ‘த கோல்ட்’ நிற்காது. முன்பு இங்கே வசித்தேன் என்ற பொருளில் ‘ஐ யூஸ்ட் டு லிவ் ஹியர்’ என்றே எழுத வேண்டும்.