ஸ்டேபிள் டெபியனில் டெஸ்டிங் தொகுப்பு: சறுக்கும் இடங்கள்

போன வாரம் ஒரு கல்லூரி மாணவி மடிக்கணினியோடு வந்தார். அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ். ஆடியோ எடிட்டர் ஒன்றின் புதுப் பதிப்பு மட்டும்தான் அவருக்குத் தேவைப்பட்டது. அதற்காக, முறையாக வெளியான 'ஸ்டேபிள்' கிளையோடு, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் 'டெஸ்டிங்' கிளையையும் சேர்த்துவிட்டார். இப்போது பாதி சிஸ்டம் மாறிக் கிடக்கிறது. பத்து வருடம் முன்பு நான் செய்த அதே தப்பு.

பின்னிங் (முன்னுரிமையை நாமே குறிப்பது) இல்லாமல் டெஸ்டிங் வரி

தொகுப்புகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ் கோப்பில் டெஸ்டிங் வரியைச் சேர்த்து, வேண்டிய தொகுப்பை நிறுவுவோம். அது ஓடும். வரியை எடுக்க மறந்துவிடுவோம். ஸ்டேபிள், டெஸ்டிங் இரண்டுக்கும், தொகுப்புகளை நிறுவும் கருவியான ஆப்ட் தரும் இயல்பான முன்னுரிமை 500. இரண்டும் சமம் என்றால் பெரிய பதிப்பு எண்ணையே அது எடுக்கும். அது பெரும்பாலும் டெஸ்டிங்கில்தான் இருக்கும். அடுத்த அப்கிரேடில் மொத்த சிஸ்டமும் அந்தப் பக்கம் நகரத் தொடங்கும்.

எனக்கு இது நடந்தது அலுவலக சர்வரில். இரவு பத்து மணிக்கு, பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' தட்டினேன். பெரும்பாலான நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகமான லிப்சி மாறியது, கூடவே பைத்தானும். காலையில் சம்பளக் கணக்கு நிரல் எழவில்லை. பழையபடி ஆக்கலாம் என்றால், டவுன்கிரேடை டெபியன் ஆதரிப்பதில்லை. தொகுப்புகளின் ஸ்கிரிப்டுகள் பழையதிலிருந்து புதியதற்குப் போகத்தான் எழுதப்பட்டவை. புதிதாக நிறுவி முடிக்க இரண்டு நாள் ஆனது. இன்றும் நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் மூன்று வரியில் தடுத்திருக்கலாம்.

ஆப்ட்டின் ப்ரிஃபரன்சஸ் அடைவில் ஒரு கோப்பு போட்டு, டெஸ்டிங்கின் எல்லாத் தொகுப்புக்கும் முன்னுரிமை 100 என்று எழுதுங்கள். ஸ்டேபிளில் இருப்பது ஸ்டேபிளிலேயே நிற்கும். நீங்கள் டெஸ்டிங்கிலிருந்து எடுத்தது மட்டும் அங்கிருந்தே புதுப்பிக்கப்படும். அப்புறம் 'ஆப்ட் பாலிசி' கொடுத்து அந்த 100 தெரிகிறதா என்று பாருங்கள்.

ஒத்திகை பார்க்காமல் நிறுவுவது

நிறுவும் கட்டளையில் 'மைனஸ் எஸ்' (-s) சேர்த்து ஓட்டினால் எதுவும் மாறாது, பட்டியல் மட்டும் வரும். அதில் லிப்சி தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

பேக்போர்ட்ஸைப் பார்க்காமல் போவது

டெஸ்டிங்கில் இருக்கும் தொகுப்புகளை ஸ்டேபிளுக்காகவே மறுபடி கட்டித் தரும் இடம் அது. முதலில் அங்கே தேடுங்கள்.

உபுண்டு பிபிஏவை (உபுண்டுவுக்கென்று கட்டிய தனிக் களஞ்சியத்தை) டெபியனில் சேர்ப்பது

வேண்டாம்.

'ஸ்டேபிள்' என்றே எழுதி வைப்பது

சோர்சஸ் கோப்பில் புக்வார்ம் (டெபியன் 12), ட்ரிக்ஸி (டெபியன் 13) என்று குறிப்பெயரை எழுதுங்கள். 2025 ஆகஸ்ட் 9 அன்று ட்ரிக்ஸி வெளியானதும் 'ஸ்டேபிள்' என்ற சொல் டெபியன் 13-ஐக் குறிக்க ஆரம்பித்துவிட்டது.

மாணவியின் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, ட்ரிக்ஸியைப் புதிதாக நிறுவினோம். அவர் தேடிய எடிட்டர் பதிப்பு அதிலேயே இருந்தது.