மீன் ஏல நேரத்தை மாற்றுவதற்கு முன் யாரிடம், எப்படிக் கேட்பது?

மீனவர் சங்கத்தில் பொதுக்குழுவைக் கூட்டி, மைக்கில் "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டு, யாரும் வாய் திறக்காததால் ஏகமனதாகத் தீர்மானம் என்று மினிட்ஸ் நோட்டில் எழுதிவிட்டால் கருத்துக் கேட்டதாக ஆகிவிடுமா? மறுவாரமே ஏலக்கூடத்தில் சண்டை வரும்.

உறுப்பினர் பட்டியலை மூடி வையுங்கள். கரையில் இறங்கும் மீன் யார் யார் கைக்குப் போகிறது என்று கூடவே போய்ப் பாருங்கள். படகு உரிமையாளர், கடலுக்குப் போகிற தொழிலாளி, ஏலம் விடுபவர், ஐஸ் கொண்டுவருபவர், கருவாடு போடுபவர், தலைச்சுமையாக விற்கிற பெண்கள். இதில் பாதிப் பேர் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள்.

அந்தப் பெண்களைக் கூட்டத்துக்கு வரச் சொன்னால் வர முடியாது, வியாபாரம் போய்விடும். மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, ராமநாதபுரம் பஸ்ஸுக்கு நிற்கிறார்களே, அங்கே போங்கள். "சம்மதமா அக்கா?" என்று கேட்டால் "நீங்க பார்த்துச் செய்யுங்க தம்பி" என்பதோடு முடிந்துவிடும். ஏலம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் எந்த பஸ் கிடைக்கும், போய்ச் சேரும்போது வாடிக்கை இருக்குமா, மிஞ்சின மீனை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

நாளும் முக்கியம். பாக் விரிகுடாப் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் வேறு வேறு நாட்களில் கடலுக்குப் போவதால், ஒரே கூட்டம் வைத்தால் ஒரு தரப்பு கடலில்தான் இருக்கும், ஆகவே இரண்டு நாள் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் ஊரில் இருப்பார்கள் என்றும் நம்பாதீர்கள். தொழிலாளிகளில் பலர் வெளியூர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

அப்புறம், முன்பணம் வாங்கிய தொழிலாளி முதலாளி எதிரில் மனசில் உள்ளதைச் சொல்ல மாட்டார். தனியாகக் கேளுங்கள், அல்லது பெயரில்லாத சீட்டு. எழுத வராதவருக்கு வாட்ஸ்அப் வாய்ஸ் போதும், ஆனால் குரல் அடையாளம் தெரியும், அதைக் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.

முடிவானதும் ஏலக்கூடத்தில் ஒட்டுங்கள், மைக்கில் வாசியுங்கள். எந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை, ஏன் என்பதையும் சேர்த்து.