பழைய ஆல்ட்டோவின் பின்பக்க 'டொக் டொக்': புஷ் மாற்றும் முறை

அரியாங்குப்பம் பக்கம் வேகத்தடை ஏறி இறங்கினாலே பின்சீட்டுக்கு அடியில் 'டொக்' என்கிறதா? உடனே ஷாக் அப்சார்பருக்குச் செலவு வைக்காதீர்கள். வண்டியின் பின்மூலையை நன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். இரண்டு மூன்று முறை எம்பினாலோ, ஷாக்கில் எண்ணெய் வழிந்திருந்தாலோ ஷாக் போய்விட்டது. இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். ஆட்டம் உடனே நின்றும் சத்தம் கேட்டால், பெரும்பாலும் ரப்பர் புஷ்தான்; போல்ட் நுழையும் இடத்தில் அதிர்வைத் தாங்க வைத்திருக்கும் ரப்பர் வளையம் அது.

பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் பின் ஆக்சில் முன்பின் நகராமல் இரண்டு டிரெய்லிங் ஆர்மும் (நீளவாக்குக் கைகள்), பக்கவாட்டில் நகராமல் ஒரு லேட்டரல் ராடும் (குறுக்குக் கம்பி) பிடித்துக்கொள்கின்றன; இவற்றின் முனைகளில்தான் புஷ் இருக்கிறது. ராடு புஷ் தேய்ந்தால் வளைவில் வண்டி வால் ஆட்டும். முதல் முறை செய்பவர்கள் ராடிலிருந்தே தொடங்குங்கள்.

பின்பக்கத்தைத் தூக்கினால், ஹேண்ட்பிரேக் பிடிக்கும் சக்கரங்களே காற்றில் நிற்கும். ஆகவே முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். வாசல் மணலாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை வேண்டும். அப்புறம் பாடிக்கு அடியில் ஸ்டாண்டு, அதாவது பாரம் தாங்கும் இரும்புத் தாங்கி. ஹாலோ பிளாக்கும் செங்கலும் சொல்லாமல் உடையும். அவற்றை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

இனி போல்ட். கடற்காற்று அடிக்கும் புதுச்சேரி, கடலூர் வண்டிகளில் என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான். புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு போல்ட் துருவில் ஒட்டிக்கொள்ளும். நட்டைக் கழற்றிவிட்டு போல்ட் தலையைத் திருப்புங்கள்: ரப்பரும் கூடவே முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பினால் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். முந்தின நாளே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் சற்றுத் திருப்பி, பிறகு கழற்றும் பக்கம் வாருங்கள். ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ போதும். ஓப்பன் ஸ்பேனர் நட்டின் முனையை மழுக்கிவிடும். எதற்கும் அசையாவிட்டால் புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிடலாம். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருப்பதால் கிரைண்டர், கேஸ் வெல்டிங் இரண்டும் கூடாது. புது போல்டை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து எடுக்காமல் லேத் பட்டறையில் பிரஸ்ஸில் கொடுங்கள். புதிதை ஏற்றச் சோப்புத் தண்ணீர் போதும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பாலியூரித்தேன் புஷ் கடினமானது, ஊருக்குள் ஓடும் வண்டிக்குத் தேவையில்லை. கம்பெனி ரப்பரே என் தேர்வு.

டிரெய்லிங் ஆர்ம், ஷாக் என்று போனால் ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம். ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி முட்டுக் கொடுக்காமல் ஷாக்கைக் கழற்றினால், ஆக்சில் தொங்கி பிரேக் ஹோஸை (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயை) இழுக்கும்.

போல்டைக் கடைசியாக இறுக்குவதில்தான் புஷ்ஷின் ஆயுள் இருக்கிறது. சக்கரம் தொங்கும்போது முழுசாக இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். அப்போதைக்கு நட்டைப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) சர்வீஸ் மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள்.

சேர்க்கை: 'வண்டி தரையில் நின்றால் அடியில் கை போகவில்லை' என்று சிலர் கேட்டார்கள். ஸ்டாண்டு பாடியில் இருக்கட்டும். ஆக்சிலை ஜாக்கியால் மெல்ல ஏற்றுங்கள்; பாடி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கும் அந்த நொடியில் நிறுத்தி இறுக்குங்கள். பின் ஆக்சிலில் அலைன்மென்ட் திருத்த எதுவும் இல்லை, அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

எல்லாம் மாற்றியும் சத்தம் போகவில்லையா? டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி, ஜாக்கி இரண்டையும் ஆட்டிப் பாருங்கள். நியாயமாக இதை முதலில் பார்க்க வேண்டும்.