சிறுநீர்ப்பைக் கல்: ஆண்கள் செய்யும் தவறுகள்

ஐம்பதைத் தாண்டிய ஆணுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்றால், வீட்டில் உடனே கிடைக்கும் தீர்ப்பு உடற்சூடு. இளநீர், மோர், ஊறவைத்த வெந்தயம் என்று வாரங்கள் ஓடிவிடும். கோடையில் பலருக்கு அதிலேயே சரியாகிவிடுவதால், சரியாகாதவர்களும் நம்பிக்கையோடு காத்திருக்கிறார்கள்.

கல் இருந்தால் அடையாளம் வேறு மாதிரி இருக்கும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் சிறுநீர் சட்டென்று நின்றுவிடும். சற்றுச் சாய்ந்தாலோ நிற்கும் நிலையை மாற்றினாலோ மறுபடி வரும். கல் உருண்டு வந்து பையின் வாயை அடைப்பதுதான் காரணம். அடிவயிற்று வலி மேடுபள்ளச் சாலையில் பைக் ஓட்டினால் கூடும், படுத்தால் அடங்கும். கழித்து முடிக்கும்போது இரத்தம் சொட்டலாம். ஆண்குறியின் நுனியிலும் வலிக்கும். கூச்சப்பட்டு டாக்டரிடம் பலர் மறைப்பது இதைத்தான். அவருக்கு மிகவும் உதவக்கூடிய தகவலும் இதுவே.

சிறுநீரகக் கல்லுக்குச் செய்வதையே இதற்கும் செய்வது இன்னொரு தவறு. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறு கல், பைக்கு வந்தபின் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். பையிலேயே தங்கி வளர்கிறது என்றால், அங்கே சிறுநீர் முழுதாகக் காலியாகாமல் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வயதான ஆண்களில் அதற்கு முதன்மையான காரணம், பைக்குக் கீழே சிறுநீர்ப் பாதையைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம். சிறுநீர்த்தாரை (சிறுநீர் வெளியேறும் பாதை) சுருங்குவது, நரம்புக் கோளாறு ஆகியவையும் உண்டு. சிறுநீரை வெளியேற்ற மாதக்கணக்கில் வைத்திருக்கும் குழாயாலும் கல் உருவாகலாம். வாழைத்தண்டைத் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடுங்கள். வீங்கிய புராஸ்டேட்டை அது சுருக்காது. பீர் குடித்தால் கல் போய்விடும் என்பது குடிக்க விரும்புகிறவர்களுக்கு வசதியான வைத்தியம், அவ்வளவுதான். லேசரால் கல்லை உடைத்து எடுத்தபின் புராஸ்டேட்டைக் கவனிக்காமல் விட்டால், கல் திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

அதனால் ஸ்கேன் எடுக்கப் போனால், அவசரப்பட்டுப் பாதியில் கிளம்ப வேண்டாம். பை நிரம்பியிருக்கும்போது ஒருமுறை பார்ப்பார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்லி மறுபடி பார்ப்பார்கள். எவ்வளவு தேங்குகிறது என்று காட்டுவது அந்த இரண்டாவது ஸ்கேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று நிம்மதி அடைவதும் சரியல்ல. யூரிக் அமிலக் கற்கள் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் வந்தால், ஒருமுறைதானே என்று விட்டுவிடாதீர்கள். அது கல்லாக இல்லாமல் புற்றுநோயாகவும் இருக்கலாம்; புகைபிடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல்.

புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் சளி மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. அவற்றில் சில சிறுநீரை அடியோடு நிறுத்திவிடும். அப்படி நின்று அடிவயிறு உப்பினால், தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்ப்பது வேதனையைத்தான் கூட்டும். அப்போதும், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.