பழைய பிளாஸ்டிக் சிப்பாய்களும் விண்வெளி வீரர்களும்: சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிளாஸ்டிக் சிப்பாய் ஒன்று கையில் கிடைத்ததும் புதிதாகச் சேர்ப்பவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், துப்பாக்கியைப் பார்ப்பார்கள், சீருடை எந்த நாட்டுடையது என்று யோசிப்பார்கள். இதில் ஊறியவர்கள் முதலில் பொம்மையைத் தலைகீழாகத் திருப்புவார்கள். தயாரித்தவர் பெயர், நாடு, ஆண்டு, எண் என்று எது இருந்தாலும் பெரும்பாலும் காலுக்குக் கீழே உள்ள அடித்தட்டில்தான் இருக்கும். அதைச் சரியாகப் படிக்காமல் போவதில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது.

முதல் தவறு, அடித்தட்டில் உள்ள ஆண்டைப் பொம்மையின் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்வது. அது பெரும்பாலும் வடிவத்தைப் பதிவு செய்த ஆண்டு. இந்தப் பொம்மைகளை வார்க்கும் உலோக அச்சு செய்யப் பெரும் செலவாகும். செய்துவிட்டால் பல பத்தாண்டுகள் உழைக்கும். நிறுவனம் மூடினாலும் அச்சு சாகாது. விற்கப்படும், கப்பலேறும், வேறு நாட்டில் வேறு பெயரில் மீண்டும் பொம்மைகளைக் கொட்டும்.

லூயி மார்க்ஸ் நிறுவனத்தின் கதையே இதற்கு நல்ல பாடம். (கார்ல் மார்க்ஸுக்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இவர் பொம்மை விற்றே கோடீஸ்வரர் ஆகி, 1955இல் டைம் இதழின் அட்டையில் வந்தவர்.) 1919இல் தொடங்கிய இந்த அமெரிக்க நிறுவனம், 1950களிலும் 60களிலும் தகரக் கோட்டை, சிப்பாய், வேலி, பீரங்கி எல்லாம் ஒரே பெட்டியில் வரும் விளையாட்டுத் தொகுப்புகளால் சந்தையையே ஆண்டது. 1972இல் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறி, 1976இல் பிரிட்டனின் டன்பீ-கோம்பெக்ஸுக்குப் போய், 1980இல் முடங்கியது. ஆனால் அச்சுகள் பல பிழைத்தன. மெக்சிகோவில் வார்த்தார்கள். 1990களில் அமெரிக்காவிலேயே மூல அச்சுகளில் மறுபடி வார்த்து விற்றார்கள். மார்க்ஸின் ஆறு அங்குலச் சிப்பாய்களின் அடியில் 1963 என்ற ஆண்டு ரோமன் எண்ணில் இருக்கும். அந்த அச்சிலிருந்து எந்த ஆண்டு வெளியே வந்தாலும் அதே ரோமன் எண்ணோடுதான் வரும். அதைக் காட்டி "அறுபது வருடப் பழசு" என்று யாராவது விலை சொன்னால் அதற்கு மதிப்பில்லை.

பிரிட்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த டீட்டெய்ல் வரிசையிலும் இதே சிக்கல். அதன் உலோக அடித்தட்டில் 1971 என்று இருக்கும். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்த உருவங்களும் அதே தட்டில்தான் நிற்கின்றன.

சீருடையை வைத்துக் காலம் கணிப்பதும் இந்த வகைதான். இரண்டாம் உலகப் போர் ஹெல்மெட் போட்டிருப்பதால் 1940களின் பொம்மை ஆகிவிடாது. அமெரிக்காவில் பெர்கன் டாய் நிறுவனம் 1938லேயே பிளாஸ்டிக் சிப்பாய்களைச் செய்தது உண்மைதான். ஆனால் சந்தையில் நாம் பார்க்கும் பச்சைச் சிப்பாய்களில் மிகப் பெரும்பாலானவை போர் முடிந்து வெகு காலம் கழித்து வந்தவை.

அப்புறம் அந்த ஒற்றை எண். அடித்தட்டில் 7 என்றோ 23 என்றோ தனியாக ஓர் எண் இருந்தால் அது ஆண்டோ, பட்டியல் எண்ணோ, அரிய பதிப்பின் வரிசை எண்ணோ என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஒரே அச்சில் பல குழிகள் இருக்கும். பொம்மை எந்தக் குழியிலிருந்து வந்தது என்று தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் வசதிக்காகப் போட்ட எண்ணாகவே அது பெரும்பாலும் இருக்கும். சின்ன வட்டத் தழும்புகளும் அப்படித்தான். அச்சிலிருந்து பொம்மையைத் தள்ளி வெளியேற்றும் ஊசி பதிந்த இடம் அது. இந்தத் தழும்பு எங்கே, எத்தனை என்பது வார்ப்புகளை ஒப்பிட உதவும் என்பதால் அலட்சியப்படுத்த வேண்டாம். இருட்டறையில் டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். மார்க்ஸின் முத்திரை, வட்டத்துக்குள் எம், ஏ, ஆர் எழுத்துகள், அவற்றின் மேல் பெரிய எக்ஸ். பாதி தேய்ந்திருந்தாலும் சாய்ந்த ஒளியில் பிடிபடும்.

மறுவார்ப்பு வேறு, நகல் வேறு

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். மறுவார்ப்பு மூல அச்சிலிருந்தே வருவது; அளவும் நுணுக்கமும் அப்படியே இருக்கும். நகல் என்பது விற்பனைக்கு வந்த பொம்மையையே மாதிரியாக வைத்துப் புது அச்சு செய்து வார்ப்பது. உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். பாலிஎத்திலீன் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் சுருங்கும். முதல் பொம்மை ஒரு தடவை சுருங்கிவிட்டது; அதை வைத்துச் செய்த நகல் இன்னொரு தடவை சுருங்குகிறது. அதனால் 60 மி.மீ. உயரச் சிப்பாயின் நகல் 58, 59 மி.மீ. என்று நிற்கும். சட்டைப் பொத்தான்கள் மழுங்கியிருக்கும், விரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெர்னியர் காலிப்பர் ஒன்று கையில் இருந்தால் பாதிச் சண்டைகள் அங்கேயே தீரும்.

மறுவார்ப்பைப் பிடிப்பதுதான் கஷ்டம். அளவு உதவாது. நிறம், பளபளப்பு, விறைப்பு, அச்சின் இரு பாதிகள் சேரும் கோட்டில் உள்ள பிசிறு இவற்றைத்தான் நம்ப வேண்டும். பழைய அச்சு தேயத் தேயப் பிசிறு கூடும். நிறத்துக்கு, சந்தேகமில்லாத அசல் ஒன்றையாவது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். செல்போன் படத்தில் நிறம் தெரியாது.

விண்வெளி உருவங்களில் இந்தப் பொறி இன்னும் ஆழம். 1950களில் நியூயார்க்கின் ஆர்ச்சர் பிளாஸ்டிக்ஸ் செய்த விண்வெளி மனிதர்கள் இந்தத் துறையின் செல்லப்பிள்ளைகள். சுமார் நான்கு அங்குல உயரம், கெட்டிப் பிளாஸ்டிக், உலோகம் போல மினுங்கும் நிறங்கள், தலையில் கழற்றி மாட்டக்கூடிய கண்ணாடி போன்ற ஹெல்மெட். ஆண்கள் மட்டுமில்லை, பெண்களும் ரோபோவும் உண்டு. இவற்றைப் பிற்காலத்தில் கிளென்கோ மாடல்ஸ் மறுபடி வெளியிட்டது. அதேபோல, 1977இல் ஸ்டார் வார்ஸ் வந்த சூட்டில் டிம் மீ நிறுவனம் இறக்கிய கேலக்ஸி லேசர் டீம் வீரர்கள், 2010களில் மூல அச்சுகளிலேயே திரும்பி வந்தார்கள். இவை மோசடி இல்லை. மறுவெளியீடு என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். இரண்டாம் கையில், பை இல்லாமல், "பழசு" என்ற ஒரே வார்த்தையோடு விற்பனைக்கு வரும்போதுதான் பிரச்சினை ஆரம்பம். என்னைக் கேட்டால், விளையாடவோ அலமாரியில் நிறுத்தவோ மறுவார்ப்பே போதும். விலைதான் மறுவார்ப்பின் விலையாக இருக்க வேண்டும்.

ஆர்ச்சர் வீரர்களின் ஹெல்மெட் பற்றி இன்னொன்று. பெரும்பாலும் முதலில் தொலைவது அதுதான். அதனால் இப்போது புதிதாகச் செய்த ஹெல்மெட்டுகள் கிடைக்கின்றன. வீரர் அசல், ஹெல்மெட் புதிது என்ற சேர்க்கை சகஜம். எழுபது ஆண்டுகள் பெட்டியில் உருண்ட ஹெல்மெட்டில் கீறலே இல்லை என்றால் கேள்வி கேளுங்கள். பிரிட்டன்ஸின் ஸ்வாப்பெட் வரிசையிலும் இப்படித்தான். தலை, உடல், கால், இடுப்புப் பட்டை எல்லாவற்றையும் கழற்றி மாற்றி விளையாடவே செய்த பொம்மைகள் அவை. குழந்தைகள் அதைத்தான் செய்தார்கள்! ஒரு கௌபாயின் தலை இன்னொருவன் கழுத்தில் இருப்பது தவறு இல்லை. முழு அசல் என்று விலை கொடுத்தால்தான் தவறு.

தொலைக்காட்சிப் பெயரை நம்பி வாங்குவது

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் விண்வெளித் தொடர்கள் கொடிகட்டிப் பறந்தன. கேப்டன் வீடியோ 1949 முதல் 1955 வரை ஓடியது. டாம் கார்பெட் 1950இல் தொடங்கியது. லிடோ நிறுவனம் கேப்டன் வீடியோ பெயரில் உருவங்கள் வெளியிட்டது. அவை காலை உணவுப் பெட்டிகளுக்குள்ளும் இலவசமாக வந்தன, நம் ஊரில் பினாக்கா பற்பசையோடு வந்த குட்டி மிருகங்களைப் போல. மார்க்ஸ் டாம் கார்பெட் தொகுப்பை விற்றது. அதே தகரக் கட்டடத்தையும் அதே விண்வெளி மனிதர்களையும் ஸ்பேஸ் பேட்ரோல் என்றும், ரெக்ஸ் மார்ஸ் என்றும் பெட்டியை மாற்றி விற்றது. இதில் ரெக்ஸ் மார்ஸ், யாருக்கும் உரிமத்தொகை கொடுக்காமல் மார்க்ஸே வைத்துக்கொண்ட பெயர்.

ஆகவே பெட்டி இல்லாமல் தனியாகக் கிடைக்கும் ஒரு மார்க்ஸ் விண்வெளி வீரரை "டாம் கார்பெட்" என்று அடித்துச் சொல்ல முடியாது. விற்பவர்கள் சொல்வார்கள், ஏனென்றால் அந்தப் பெயருக்குக் கூடுதல் விலை. நீங்கள் குறிப்பேட்டில் "மார்க்ஸ், 45 மி.மீ., விண்வெளி வீரர்" என்று அளவையும் தயாரிப்பாளரையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் "மார்க்ஸ் பாணி", "மார்க்ஸ் மாதிரி" என்று இருந்தால் அது மார்க்ஸ் இல்லை என்று பொருள்.

அடித்தட்டில் ஹாங்காங் என்ற சொல்லைக் கண்டதும் மலிவு நகல் என்று தூக்கிப்போடுவது எதிர்த்திசைத் தவறு. ஹெரால்ட் வரிசையை எடுத்துக்கொண்டால், பிரிட்டன்ஸ் 1966இல் அதன் தயாரிப்பை ஹாங்காங்குக்கு மாற்றியது. இங்கிலாந்தில் செய்தவை நுணுக்கமான வண்ணப்பூச்சு, ஹாங்காங்கில் செய்தவை கொஞ்சம் எளிமை. விலையிலும் வித்தியாசம் உண்டு. ஆனால் இரண்டுமே அசல் ஹெரால்ட்தான். ஜயன்ட் என்ற பெயரில் வந்த ஹாங்காங் குட்டிச் சிப்பாய்களுக்கோ தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது. பழைய ஹாங்காங் நகல்களைத்தான் தேடி அலைபவர்களும் இருக்கிறார்கள்.

பிளாஸ்டிக் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

பொம்மையைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த நினைப்புதான். வளையும், மெழுகு போல வழுக்கும், தண்ணீரில் மிதக்கும் என்றால் அது பாலிஎத்திலீன். விறைப்பாக, தட்டினால் டிக் என்று ஒலித்து, தண்ணீரில் மூழ்கினால் பாலிஸ்டைரீனாக இருக்கலாம். ரப்பர் போல வளைந்து, மூழ்கினால் பிவிசியாக இருக்கலாம். மிதக்கவிட்டுப் பார்ப்பதற்கு முன் ஒரு விஷயம்: அது உண்மையிலேயே பிளாஸ்டிக்தானா?

ஜெர்மனியின் ஹவுஸர் நிறுவனம் எலாஸ்டோலின் என்ற பெயரில் விற்ற பழைய சிப்பாய்கள், மரத்தூளையும் பசையையும் பிசைந்து கம்பி மேல் அப்பிச் செய்தவை. அதே பெயரில் பின்னால் கெட்டிப் பிளாஸ்டிக் உருவங்களும் வந்தன. முதல் வகையைத் தண்ணீரில் போட்டால் ஊறி, வெடித்து, உள்ளே கம்பி துருப்பிடித்து எல்லாம் போச்சு. மேற்பரப்பில் நூல் போன்ற விரிசல்கள் தெரிந்தால் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். காய்ந்த தூரிகை போதும்.

பிளாஸ்டிக் என்று உறுதியானால், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான தூரிகை. வண்ணம் பூசியதை ஊற வைக்க வேண்டாம். வீட்டில் யாரோ பூசிய வண்ணத்தை எடுக்க நகப்பூச்சு நீக்கியைத் தொடாதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். முகமே வழிந்து போகும். டிம்போ நிறுவனத்தின் பிற்கால உருவங்களில் சட்டை ஒரு நிறம், கால்சட்டை ஒரு நிறம் என்று இருப்பது பூச்சே இல்லை. வெவ்வேறு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றன்மேல் ஒன்றாக வார்த்தது. அதைச் "சுரண்டிப் பார்த்து" சோதிக்கும் ஆட்களும் உண்டு, என்ன சொல்ல!

வளைந்த துப்பாக்கியைச் சூடான தண்ணீரில் சில விநாடி காட்டி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போடுவது எல்லோரும் சொல்லும் உத்தி. நெகிழ்வான பாலிஎத்திலீனில் அது வேலை செய்யும். ஏர்ஃபிக்ஸின் பழைய குட்டிச் சிப்பாய்களில் அதை முயலாதீர்கள். 1959இல் காவல்படை இசைக்குழுவோடு தொடங்கிய அந்த வரிசையில் சில பெட்டிகளின் பிளாஸ்டிக் காலப்போக்கில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டது. பார்க்கப் புதிது போலவே இருக்கும். பொம்மைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒன்றைத் திருகி எடுத்தால் கணுக்காலோடு பொடியாகும். திறக்காத பெட்டி என்று கூடுதல் விலை கொடுப்பதற்கு முன், பெட்டிக்குள் துண்டு துணுக்கு உருளும் சத்தம் வருகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். பிவிசி உறைகளிலிருந்தும் மென்மையான வினைல் பாகங்களிலிருந்தும் நெகிழ்வூட்டும் எண்ணெய் மெல்லக் கசியும். அது பக்கத்திலுள்ள பாலிஸ்டைரீன் பொம்மையை உருக்கி ஒட்டிக்கொள்ளும். சாதாரணப் பாலிஎத்திலீன் ஜிப் பை பரவாயில்லை, வகைக்கு ஒரு பை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்ட வேண்டாம். வெயில் விழும் ஜன்னல் அலமாரியும், நம் ஊர் மொட்டை மாடி அறையும் கூடவே கூடாது.

கலந்துகட்டிய பெட்டியாக வாங்கினால் ஈயச் சிப்பாய்களும் உள்ளே இருக்கலாம். பிரிட்டன்ஸ் உள்ளீடற்ற ஈய உருவங்களை 1966 வரை வார்த்தது. கையில் தூக்கினாலே கனம் காட்டிக்கொடுக்கும்; அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பழைய வண்ணப்பூச்சிலும் ஈயம் இருக்கலாம், பழைய சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக்கில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம். வீட்டில் வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருந்தால் அவனுக்குப் புதுப் பச்சைச் சிப்பாய் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.